தீர்த்தக்கரையில் ஒரு சுகவாச நிலையம்

வெப்பதேசத்துத் தீவொன்றில் சில நாள் தங்கிக் கடற்காற்று வாங்கி, எண்ணெய் தேய்த்து முழுகி, பத்தியமாக உண்டு, உடலும் உள்ளமும் தேறி ஊர் திரும்புதல் இன்று உலகெங்கும் பெரியதொரு தொழிலாகிவிட்டது. தென்னிலங்கையில் பேருவளை, பெந்தோட்டைக் கரைகளிலே இதற்கென்றே ஆயுள்வேத விடுதிகள் இருக்கின்றன. ஜெர்மனி முதலிய தேசத்தார் வாரக்கணக்கில் வந்து தங்கிச் சிகிச்சை பெறுகின்றனர். வடகரையிலும் அத்தகைய விடுதிகள் எழவேண்டும் என்று எண்ணுவோர் இப்பொழுது பெருகியிருக்கின்றனர். 2015இல் காங்கேசன்துறைக்கு மீண்டும் புகைவண்டி வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்து சேர்ந்தது. வழி திறந்தால் விருந்தினர் வருவர் என்பது நியாயமான கணக்கே.

கனடாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் கீரிமலைக்கு அயலிலே அமைக்க எண்ணிய சுகவாச நிலையம் ஒன்றின் திட்டத்தை என்னிடம் தந்து அபிப்பிராயம் கேட்டார். நாற்பது அறை, பசும் புற்றரை, நீச்சற்குளம், மூலிகைத் தோட்டம் எல்லாம் அதிலே அழகாக வரையப்பட்டிருந்தன. நீர் எங்கிருந்து வரும் என்ற இடத்தில் மட்டும் 'குழாய்க்கிணறு' என்று ஒரே ஒரு சொல் இருந்தது. அவருக்கு நான் எழுதிய மறுமொழியின் விரிவே இக்கட்டுரை.

கீரிமலைக்குச் சுகம் நாடி வருவது புதிய வழக்கமன்று. குன்மநோயும் குதிரைமுகமும் கொண்டு வருந்திய சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி இத்துறையிலே தங்கித் தீர்த்தமாடி நோய் நீங்கினாள் என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறும். மா விட்ட புரம் மாவிட்டபுரமாயிற்று. அவள் எடுத்த கந்தசுவாமி கோயில் அங்கே நிற்கிறது. கீரிமுகம் தீர்ந்த நகுல முனிவரின் கதை ஊருக்கும் நகுலேசுவரத்துக்கும் பெயர் தந்தது. இவற்றைச் சரித்திரமென்று நான் வாதிடவரவில்லை. ஆனால் தங்குதல், நாள்தோறும் நீராடுதல், கடற்காற்று, இறை வழிபாடு என்னும் ஒழுங்கு இன்றைய விடுதிகளின் விளம்பரத்திலிருந்து எவ்வளவு தூரம்? நம்முடைய முன்னோர் கேணி கட்டினர், மடம் கட்டினர், அதற்குமேல் ஒன்றும் கட்டவில்லை. வந்தவனிடம் கூலியும் கேட்கவில்லை.

இனி அந்தக் குழாய்க்கிணற்றுக்கு வருவோம். கேணியின் ஒரு புறத்தே படிக்கட்டு. மறுபுறத்தே சுவரைக் கடந்தால் கடல். அலையின் ஓசை கேட்க நன்னீரில் முழுகுகின்றோம். இந்நீர் கடலிலிருந்து வருவதன்று, மலையிலிருந்து வருவதுமன்று. கீரிமலை என்ற பெயரில்தான் மலையுண்டு. குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்யும் மாரிமழை செம்மண்ணை ஊடுருவிச் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. அதன் ஒரு பங்கு நிலத்தடி வழியாகக் கரைக்கு வந்து கீரிமலையிலே ஊற்றெடுக்கிறது. தோட்டக்காரன் கிணற்றில் இறைக்கும் நீரும், நாம் தீர்த்தமென்று தலையில் தெளிக்கும் நீரும் ஒரே நீர்தான்.

நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீரின் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நீரியல் அறிந்தோர் சொல்லும் பொதுக்கணக்கு. கரையோரத்திலே புற்றரைக்கும் நீச்சற்குளத்துக்கும் இயந்திரம் வைத்து இறைத்தால் முதலில் உவர்ப்பது அயல்வீட்டுக் கிணறு. சுகம் விற்கும் நிலையம் அயலாரின் குடிநீரைக் கெடுக்குமாயின் அதனை எப்பெயரால் அழைப்பது?

இந்த நீரை நாம் ஏற்கெனவே போதுமான அளவு வருத்திவிட்டோம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி, 1990இல் போரோடு நின்றது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழிற்சாலை அது. அதை மறுக்க முடியாது. ஆயினும் நீரைத் தாங்கும் அதே சுண்ணக்கல்லையே அது அகழ்ந்தது. குழிகள் இன்றும் கிடக்கின்றன. தோட்டங்களின் இரசாயன உரம் கிணற்று நீரில் நைத்திரேற்றாய் இறங்குகிறது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் கலந்ததென்று ஊரே கொதித்தது.

திட்டத்திலே விடுபட்ட இன்னொன்று, மனிதர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாகவே விடுபட்டன. இதனிடையே அக்கரையிலே ஜனாதிபதிக்கென்று ஒரு மாளிகை எழுந்தது. பின்னர் அதனை ஹோட்டலாக்குவதா, கல்விநிலையமாக்குவதா என்ற பேச்சுக்கள் நடந்தன. நிலம் எங்களுடையது என்று உறுதியோடு நிற்பவர்களின் குரல் அப்பேச்சுக்களில் அடங்கியே ஒலித்தது. 'வெறுங்காணி மலிவாகக் கிடைக்கும்' என்று யாரேனும் சொன்னால், அது ஏன் வெறுங்காணியாயிற்று என்று கேட்டுவிட்டே வாங்கவேண்டும்.

கீரிமலைக்கு வருவோருட் பெரும்பாலோர் விடுமுறைக்காரருமல்லர். ஆடி அமாவாசையிலே தந்தையை இழந்தவர்கள் பெருந்திரளாக வருகிறார்கள். அந்தியேட்டிக்கு அஸ்தியைச் சுமந்து வருகிறார்கள். கடலிலே கரைத்துவிட்டுக் கேணியில் முழுகி எழும் ஒருவனுக்குக் கிடைக்கும் ஆறுதலை எந்த வைத்தியன் அளந்து சொல்வான்? துயரத்தோடு வரும் இக்கூட்டத்தைப் பார்வைக்கு இடைஞ்சலென்று கருதி வேலியடைக்கும் விடுதி இவ்வூருக்கு வேண்டாம்.

ஆயின் திட்டமே வேண்டாமென்று நான் எழுதவில்லை. நாற்பது அறையைப் பத்தாக்குக என்றேன். திரும்பிவந்த குடும்பங்களின் காணியை வாங்காமல், அவர்களைப் பங்காளிகளாக்குக. நீச்சற்குளத்தை அழித்துவிடுக, முழுகக் கேணி இருக்கிறது, அங்குள்ள முறைப்படி எல்லோரோடும் முழுகட்டும். கூரையில் விழும் மாரிநீரைத் தொட்டியிலே சேர்த்துத் தோட்டத்துக்கு இறைக்கலாம். புல்லுக்குப் பதில் வேம்பும் பனையும் போதும். வைத்தியத்துக்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்து அரசர் பெயராலேயே வழங்குவன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கைதடியிலே சித்த மருத்துவம் கற்பிக்கின்றனர். அங்கே படித்து வெளிவரும் இளைஞருக்கு வேலையும் ஆகும். உணவுக்கு ஒடியற்கூழும் குரக்கன்பிட்டும் முருங்கையிலையும் போதாவா?

விருந்தினரை அழைக்கத் தை முதற் சித்திரை வரையே உகந்த காலம். மாரிமழை கிணறுகளை நிரப்பியிருக்கும். வெயில் ஏறி நீர்மட்டம் தாழ்ந்து, ஆவணி புரட்டாதியிலே கிணறுகள் ஒட்டிக் கிடக்கையில் அறைகளைப் பூட்டிவிடலாம். ஆடி அமாவாசையன்று மட்டும் அவற்றைத் திறந்து, தூரத்திலிருந்து தீர்த்தமாட வரும் முதியோர் இளைப்பாறக் கூலியின்றிக் கொடுக்கவேண்டும் என்பதையும் திட்டத்தின் ஓரத்திலே பென்சிலால் எழுதி அனுப்பினேன்.