கானடாவில் இணைப்பு விற்பனை வரியும் சிறு விவசாயியும்

கானடா தேசத்து ஒன்ட்டேரியோ மாகாணத்தில் 2010-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி தொட்டு மத்திய வரி 5, மாகாண வரி 8, ஆக நூற்றுக்கு 13 வீதம் ஒரே வரியாகத் தண்டப்பட்டு வருகிறது. தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் 30,000 டாலருக்கு மேற்பட விற்பனை செய்யாத சிறு வியாபாரி பதிவு செய்துகொள்ள வேண்டுவதில்லை. இதனை அநுகூலமென்றே பலரும் எண்ணுவர். விவசாயிக்கோ அது அவ்வாறன்று. காய்கறி, பால், தானியம் முதலியவற்றிற்கு வரி வீதம் பூஜ்யமாதலால், வாங்குவோரிடம் அவர் வரியாக யாதொன்றும் பெறுவதில்லை. ஆயினும், விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச்செல்லும் லாரியைப் பழுதுபார்க்க 1,000 டாலர் ஆகுமாயின், அதன்மேல் 130 டாலர் வரி செலுத்தியே தீரவேண்டும். தாமாகவே பதிவு செய்துகொண்டவர் இத்தொகையைக் கணக்கிற் காட்டித் திரும்பப் பெறலாம். பதிவில்லாதவருக்கு அது முழு நஷ்டமே. (பெரிய டிராக்டர் போன்ற சில சாதனங்களுக்கு வாங்கும்போதே வரியில்லை.) ரசீதுகளை, அவற்றிற்குரிய வருஷம் முடிந்தபின் ஆறு வருஷகாலம் பத்திரப்படுத்தல் வேண்டும்.