கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து – நடுவில் நிறுத்தாதீங்க!



பக்கத்து ஊர்க் குழு அக்கா ஒருவருக்குக் கண்ணில் பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு மாதம் விட்டார். பிறகு, "வலியும் இல்ல, பார்வையும் கூடல, எதுக்குக் காசைக் கரைக்கணும்?" என்று நிறுத்திவிட்டார். ஒரு வருடம் கழித்து, பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் இடிபட்டு விழுந்த பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். "போன பார்வை போனதுதாம்மா. இருக்கிறதையாவது காப்பாத்துவோம்" என்றார் டாக்டர்.

ஏன் இப்படி ஆகிறது?

கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் அடைத்தால் வயலில் தண்ணீர் தேங்குமே, அதுபோல அந்த நீர் சரியாக வடியாவிட்டால் கண்ணில் அழுத்தம் கூடும். அது கண் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். இதுதான் கிளாக்கோமா. கண்புரை போல ஆபரேஷன் செய்து இழந்த பார்வையைத் திரும்பப் பெற முடியாது. சொட்டு மருந்து பார்வையைக் கூட்டாது. இருக்கிற பார்வையைக் காக்கும். அதனால்தான் வலி இல்லாவிட்டாலும் தினமும் விட வேண்டும்.

எப்படி விடுவது?

1. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. அண்ணாந்து பார்த்து, கீழ் இமையை இழுத்து, அந்தக் குழியில் ஒரு சொட்டு விடுங்கள். ஒன்றே போதும், மிச்சம் வழிந்துதான் போகும். பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது.

3. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் 2 நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும்.

4. இரண்டு மருந்து இருந்தால், நடுவில் 5 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

5. பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். பெரும்பாலான மருந்துகளை 4 வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மீதி இருந்தாலும் சரி. எங்கே வைப்பது என்று மருந்து தருபவரிடம் கேளுங்கள்.

இதையும் கவனிங்க

மாமியாருக்குக் கொடுத்த மருந்தை மருமகள் விடக்கூடாது. டிமோலால் என்ற சொட்டு மருந்து ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். நாடித் துடிப்பையும் குறைக்கும். இழுப்பு, இதய நோய், கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது எதுவானாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து எரிச்சல் தந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள், வேறு மருந்து மாற்றித் தருவார். மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் அடுத்த சொட்டு விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண் சிவந்தால் மெடிக்கலில் தானாக மருந்து கேட்டு வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, பல நாள் விட்டால், அதுவே கண் பிரஷரை ஏற்றிவிடும்.

அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். 40 வயது தாண்டியவர்கள் கண் பிரஷரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மருந்து வாங்கக் காசு இல்லையென்றால் நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள், குழுவிலும் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, "நம்ம குழுவில் யார் சொட்டு மருந்தை நிறுத்தியிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.