ஸ்பானர் இல்லாம ஒயில் மாத்தலாமா? கால் சுற்று வால்வும் எங்கட கார்களும்



இந்தக் கிழமைப் பகுதியில பழுதுபார்க்கும் உரிமை பற்றிக் கதைச்சம். போன் பற்றரி, லாப்டொப் மெமரி எண்டு போன கதை, கடைசியில காரில வந்து நிண்டது. "சொந்தக் காருக்கு நானே ஒயில் மாத்தலாமா? அந்த வால்வு வைச்ச நட்டு உண்மையில உதவுமா, இல்லாட்டி யூடியூப் விளையாட்டா?" எண்டு கன பேர் கேட்டிருந்தியள். ஒலியில அஞ்சு நிமிசத்தில சொல்லி முடிக்கிற விசயம் இல்லை. அதால இங்க ஆறுதலா எழுதிறன். நான் மெக்கானிக் இல்லை, கொம்பியூட்டர் படிச்சவன். ஆனா எம்மன்புரூக்கேயில எங்கட சொந்தக்காரர் வட்டத்தில கார் சத்தம் போட்டா முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். பிரிண்டர் வேலை செய்யாட்டியும் அப்பிடித்தான்.

கீழ இருக்கிற அந்த ஒரு நட்டு

சாதாரணக் கார் எஞ்சினுக்குள்ள நாலு, அஞ்சு லீற்றர் ஒயில் இருக்கும். எஞ்சின் நிண்டதும் அது கீழ இருக்கிற சம்புக்கு இறங்கும். சம்பின்ர அடியில ஒரு நட்டு. அதைக் கழற்றினா பழைய ஒயில் வெளிய வரும். பிறகு புது வொஷர் போட்டு நட்டை இறுக்கி, ஃபில்டரையும் மாத்தி, மேலால புது ஒயில் விட வேண்டியதுதான். கேக்க லேசு.

சிக்கல் எங்க எண்டால், நட்டு இரும்பு; சம்ப் பெரும்பாலும் அலுமினியம். இரும்புப் புரி அலுமினியப் புரியில ஏறி இறங்க, தேயிறது அலுமினியம்தான். ஒழுங்கான இறுக்கத்தில போட்டா வருசக்கணக்கா ஒண்டும் ஆகாது. ஆனா ஒருத்தர் ஒரே ஒரு தரம் அவசரத்தில காத்து கன்னால இறுக்கினாக் காணும். என்ர மச்சான் ஒருத்தருக்கு நடந்தது இதுதான். மலிவு எண்டு ஒரு இடத்தில ஒயில் மாத்தக் குடுத்தவர். அடுத்த தரம் நட்டைக் கழற்றேக்க புரியும் சேந்து கம்பிச்சுருள் மாதிரி வெளிய வந்தது. பத்து பிராங் கூடப் பெறாத நட்டுக்காக முழுச் சம்பையும் மாத்த வேண்டி வந்தது.

எங்கட பாசையில சொன்னா, முழு எஞ்சினும் ஒரு சின்னப் புரியை நம்பி இருக்கு. அது விட்டா ஒயில் போகும். ஒயில் அழுத்தம் இல்லாம ஓடுற எஞ்சின் கொஞ்ச நேரத்திலயே செத்துப்போகும். பக்கப் இல்லாத சேர்வர் அது.

வால்வு என்ன செய்யுது?

யோசனை இதுதான்: நட்டை ஒவ்வொரு தரமும் கழற்றிப் பூட்டுறதாலதானே பிரச்சினை? அப்ப அதைக் கழற்றாம விடுவம். நட்டு இருந்த இடத்தில ஒரு சின்னக் குழாய்ப்பூட்டை ஒரே ஒரு தரம் பூட்டிவிட்டா, அதுக்குப் பிறகு திறந்து மூடுறது மட்டும்தான் வேலை.

சந்தையில ரெண்டு பெரிய வகை இருக்கு.

முதலாவது, யப்பான் கொம்பனியான ஃபுமோட்டோவின்ர வகை. பித்தளை உடம்புக்குள்ள ஓட்டை போட்ட ஒரு குண்டு. வெளியில ஒரு சின்னக் கைபிடி. கைபிடியைக் கால் சுற்றுத் திருப்பினா குண்டின்ர ஓட்டை நேருக்கு வந்து ஒயில் இறங்கும். ஓட்டத்தில அதிர்ந்து தானாத் திறக்காதா எண்டு எல்லாரும் கேக்கிறவை. மூடின நிலையில கைபிடி ஒரு வெட்டுக்குள்ள விழுந்து இருக்கும், ஸ்பிரிங் அதை அங்கயே பிடிச்சு வைச்சிருக்கும். அந்த ஸ்பிரிங்குக்கு எதிரா கைபிடியை வெட்டில இருந்து எடுத்தாத்தான் திரும்பும். ஒரு அசைவு இல்லை, ரெண்டு அசைவு வேணும். 'அழிக்கவா?' எண்டு கேட்டு, பிறகு 'உண்மையாவா?' எண்டு திருப்பிக் கேக்கிற பெட்டி மாதிரி. மேலதிகமா கைபிடிக்கு ஒரு கிளிப்பும் போடலாம்.

ரெண்டாவது, ஜேர்மன் கொம்பனியான ஸ்டால்புஸின்ர வகை. இதில கைபிடி இல்லை. உள்ளுக்கு ஸ்பிரிங் வைச்ச வால்வு, வெளியில புரி வைச்ச மூடி. மூடியைக் கழற்றி, குழாயோட வாற இணைப்பைத் திருகினா, அது வால்வை உள்ள தள்ளித் திறக்கும். குழாய் முனையை நேரா கலனுக்குள்ள விடலாம். மூடியும் ஒரு தடுப்பா இருக்கிறதால எனக்கு இந்த வகையில நம்பிக்கை கூட. தட்டுப்பட்டுத் திரும்பக் கைபிடியும் இல்லை.

இந்த யோசனை புதுசும் இல்லை. சின்னப் பிஸ்டன் விமானங்களில விரைவு வடிகால் வால்வு சாதாரண விசயம். பெரிய டீசல் ஜெனரேற்றர்களிலயும் சம்புக்குக் குழாயும் வால்வும் பூட்டியிருக்கிறதைப் பாக்கலாம். அடிக்கடி ஒயில் மாத்த வேண்டின இடங்களில நட்டைக் கழற்றிக்கொண்டிருக்க ஒருத்தருக்கும் நேரம் இல்லை.

அடிக்கடி மாத்துறது ஆர்?

இங்க ஒரு ஊர்க் கதை தேவை. 1990 இல பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில பெற்றோல் கிடைக்கிறது அருமை. பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மோட்டசைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல். இதை உங்கட வீட்டிலயும் ஆராவது சொல்லியிருப்பினம். அப்பாட்ட கேட்டன், அந்த நேரம் எஞ்சினுக்கு என்ன நடக்கும் எண்டு. "ஒயில் தண்ணியாப் போகும்" எண்டார். காரணம் கேக்க, "மண்ணெண்ணெய் கீழ இறங்கும்" எண்டு மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது சரி. எரியாம மிஞ்சிற எரிபொருள், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சம்புக்குள்ள இறங்கி ஒயிலை ஐதாக்கும். மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில ஆவியாகாது, அதால கூட இறங்கும். இந்தப் பாடம் இண்டைக்கும் பொருந்தும். குளிர்காலத்தில எம்மன்புரூக்கேயில இருந்து லுட்சேர்னுக்கு வேலைக்குப் போற ஆளின்ர எஞ்சின் ஒழுங்காச் சூடாக முதலே பயணம் முடிஞ்சிடும். சூடாகாத எஞ்சினுக்குக் கூட எரிபொருள் போகும், அதில ஒரு பங்கு ஒயிலுக்குள்ள இறங்கும். நெடுக ஆட்டோபானில ஓடினா அது ஆவியாகி வெளியேறும். பத்து நிமிசப் பயணத்தில வெளியேறாது.

சில கார்களுக்கு 30,000 கிலோமீற்றர் அல்லது ரெண்டு வருசம் வரைக்கும் ஒயில் தாங்கும் எண்டு தயாரிப்பாளர் சொல்லுவினம். ஆனா குறுந்தூரம், குளிர், நிண்டு நிண்டு போறது எல்லாம் கடினப் பாவனை எண்டும் அதே கைநூலில போட்டிருக்கும். அப்பிடி ஓடுற கார் எண்டால் வருசத்துக்கு ஒருக்கா மாத்துறது புத்தி. அப்பத்தான் வால்வுக்கும் ஒரு அர்த்தம் வருது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திற ஆளுக்கு, வால்வு மிச்சம் பிடிக்கிறது ஒரு வொஷரும் கொஞ்ச நேரமும் மட்டும்தான்.

வால்வு விக்கிறவை சத்தமாச் சொல்லாத விசயங்கள்

ஒண்டு, வேகம். வால்வின்ர துவாரம் நட்டின்ர துவாரத்தை விடச் சின்னன். ஒயில் நூல் மாதிரி இறங்கும். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு இளஞ்சூட்டில திறந்தா பரவாயில்லை. கொதிக்கக் கொதிக்கத் திறக்க வேண்டாம்.

ரெண்டு, உயரம். வால்வு நட்டை விடக் கீழ தொங்கும். சம்பின்ர ஆகக் கீழ்ப்பக்கத்தில நட்டு இருக்கிற கார், தாழ்வான கார், உறைஞ்ச பனிக்கட்டி ஏறிப் போற கார் எண்டால் யோசியுங்கோ. நட்டு பக்கவாட்டில இருந்தாலோ, கீழ் மூடித் தட்டு இருந்தாலோ ஆபத்துக் குறைவு.

மூண்டு, மிச்ச ஒயில். வால்வின்ர புரி சம்புக்குள்ள கொஞ்சம் நீண்டு நிண்டா, அந்த உயரத்துக்குக் கீழ உள்ள கொஞ்ச ஒயிலும் அடியில இருக்கிற கசடும் மிஞ்சும்.

நாலு, பொருத்தம். கன ரொயோட்டாக்களில எம்12×1.25 புரி. ஹொண்டாவிலயும் வொக்ஸ்வாகனிலயும் எம்14×1.5 பரவலா இருக்கு. பி.எம்.டபிள்யூவில எம்12×1.5. 'எம்12 தானே' எண்டு ரெண்டையும் மாறிப் போட்டா, மச்சானுக்கு நடந்ததை நீங்களே உங்கட கையால செய்வியள். சில புதுக் கார்களில சம்பும் பிளாஸ்ரிக், நட்டும் கால் சுற்றில கழருற பிளாஸ்ரிக். அதில புரி வைச்ச வால்வுக்கு இடமே இல்லை.

இன்னொரு வழியும் இருக்கு. ஒயில் அளவு பாக்கிற கம்பியின்ர குழாயால மேலிருந்து பம்ப் வைச்சு உறிஞ்சிறது. காருக்குக் கீழ போகவே தேவையில்லை. ஆனா சில புதுக் கார்களில அந்தக் கம்பியே கிடையாது, அளவு திரையில மட்டும்தான் வரும்.

எங்க வைச்சுச் செய்யிறது?

சுவிஸில இந்த வேலையின்ர கஷ்டமான பகுதி நட்டு இல்லை, இடம். எங்களில கன பேர் இருக்கிறது வாடகை வீட்டில. நிலக்கீழ் கார் நிறுத்துமிடத்தில திருத்த வேலை செய்யக்கூடாது எண்டு வீட்டு ஒழுங்குவிதியில பெரும்பாலும் எழுதியிருக்கும். வெளியில புல்லிலயோ கல்லு நிலத்திலயோ செய்யிறது அதை விட மோசம். 1991 ஆம் ஆண்டின்ர நீர்ப் பாதுகாப்புச் சட்டம், தண்ணியை மாசாக்கிற பொருளை நேராகவோ, நிலத்தால ஊறியோ சேர விடுறதைத் தடுக்குது. மீறினா மூண்டு வருசம் வரைக்கும் சிறை, இல்லாட்டிப் பணத் தண்டனை எண்டு சட்டத்தில இருக்கு.

சட்டத்தை விடுங்கோ, ஊரைப் பாருங்கோ. விஸ்கோசிஸ்டாட் பக்கத்தால கிளைன எம்மே ஓடி, கொஞ்சம் கீழ போய் ரொய்ஸ் ஆத்தில சேருது. கோடையில பிள்ளையள் கால் நனைக்கிற தண்ணி அது. தெருவில இருக்கிற மழைநீர்க் குழிகள் எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போறதில்லை. சிலது நேரா ஆத்துக்குத்தான். ஒரு கோப்பை ஒயில் கவிண்டாலும் அது எங்கயோ போய்ச் சேரும்.

இங்கதான் வால்வின்ர உண்மையான பெறுமதி எனக்குத் தெரியுது. நட்டை விரலால கழற்றேக்க கடைசிப் புரியில ஒயில் பாயும், கை சுடும், நட்டு சட்டிக்குள்ள விழும், நிலத்தில சிந்தும். குழாய் பூட்டின வால்வில ஒயில் நேரா கலனுக்குள்ள போகும். நேரம் மிச்சம் பிடிக்கிறதை விட இந்தச் சுத்தம் பெரிசு. ஆனாலும் ஃபில்டர் கழற்றேக்க சொட்டும், அதால கீழ தட்டு வைக்கத்தான் வேணும்.

மணித்தியாலக் கணக்கில தூக்கியோட இடம் வாடகைக்குத் தாற கராஜுகள் சுவிஸில இருக்கு. வீட்டில இடம் இல்லாதவைக்கு அதுதான் சரியான வழி. பழைய ஒயிலை அந்த இடத்திலயே எடுப்பினமோ எண்டு முதலே கேளுங்கோ. வீட்டுக்குக் கொண்டுவந்தா, லுட்சேர்ன் வட்டாரத்தில ரெயால் அமைப்பு நடத்திற ஒகிஹோஃப் சேகரிப்பு இடங்கள் இருக்கு. எவ்வளவு எடுப்பினம், கட்டணம் என்ன எண்டு போக முதல் பாத்துக்கொள்ளுங்கோ. எஞ்சின் ஒயிலைச் சமையல் எண்ணெயோடயோ, பிரேக் திரவத்தோடயோ, கூலன்ற்றோடயோ கலக்கக் கூடாது. கலந்தா மீள்பயன்பாட்டுக்கு உதவாது. பழைய ஃபில்டரும் குப்பைப் பைக்குள்ள போற சாமான் இல்லை.

கடுதாசிப் பக்கம்

லீசிங் கார் எண்டால் இந்தக் கதையை இதோட விடுங்கோ. கார் உங்கட பேரில இல்லை, சேவிஸ் எங்க செய்ய வேணும் எண்டு ஒப்பந்தத்தில இருக்கும். உத்தரவாதம் இருக்கிற கார் எண்டால், கொம்பனிக்கு வெளியில உள்ள கராஜில சேவிஸ் செய்தது எண்ட ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்க இடமில்லாத மாதிரி சுவிஸ் போட்டிச் சட்ட விதிகள் இருக்கு. ஆனா வீட்டில நீங்களே செய்து, நீங்களே பூட்டின வால்வு ஒழுகி எஞ்சின் போனா, அது வேற வழக்கு. அதை உங்கட பக்கம் வெல்லுறது கஷ்டம்.

எம்.எஃப்.கா. பரிசோதனையில ஒயில் ஒழுக்கைப் பாப்பினம். வால்வு ஈரமா இருந்தா திருப்பி அனுப்பலாம். ஒயில் வகை, திகதி, கிலோமீற்றர், பற்றுச்சீட்டு எல்லாத்தையும் எழுதி வையுங்கோ. விக்கேக்க அந்தப் பதிவுதான் காருக்கு மதிப்பு.

அப்ப வாங்கிறதா, விடுறதா?

வாங்குங்கோ: கார் உங்கட சொந்தம், உத்தரவாதம் முடிஞ்சுது, வருசத்துக்கு ஒருக்காவாவது நீங்களே மாத்திறியள், நட்டு பாதுகாப்பான இடத்தில இருக்கு, புரி அளவு நிச்சயமாத் தெரியும்.

விடுங்கோ: லீசிங், தாழ்வான கார், பிளாஸ்ரிக் சம்ப், அல்லது ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கராஜில குடுக்கிற ஆள்.

புரி ஏற்கெனவே தேஞ்ச சம்புக்கு வால்வு மருந்தில்லை. முதல்ல புரியைத் திருத்த வேணும்.

பூட்டிறதெண்டால் நாலு விதி. ஜாக்கியில மட்டும் நிக்கிற காருக்குக் கீழ ஒருநாளும் போகாதேங்கோ, தாங்கி வைச்ச பிறகுதான். வால்வைக் கையால சுத்தி ஏத்துங்கோ. முதல் ரெண்டு சுற்றிலயே இறுக்கமா இருந்தா புரி பிழை. கடைசி இறுக்கம், வால்வோட வாற தாளில உள்ள அளவுக்கு, அளவு காட்டிற றெஞ்ச்சால. புது ஒயில் விட முதல் வால்வு மூடியிருக்கா எண்டு பாத்து, பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கீழ திரும்பவும் பாருங்கோ. சிவப்பு ஒயில் விளக்கு அணையாட்டி உடன நிப்பாட்டுங்கோ.

இன்னொண்டு. வெள்ளிக்கிழமை பின்னேரம் புரொடக்சனில கை வைக்காத மாதிரி, இதை ஞாயிற்றுக்கிழமையும் தொடங்காதேங்கோ. ஒரு வொஷர் தவறினா கடை பூட்டு, அயலவை பல்கனியில, திங்கள் விடிய வேலைக்குக் கார் இல்லை.

அடுத்த பகுதியில மின்சாரக் கார். அதில ஒயில் மாத்த எஞ்சினே இல்லை, ஆனா மென்பொருளைத் திறக்கிற ஸ்பானர் ஆரின்ர கையில இருக்கு எண்டு கதைப்பம். உங்கட கார் என்ன, நட்டு எந்தப் பக்கம் எண்டு எழுதி அனுப்புங்கோ. வீட்டில மண்ணெண்ணெய்க் கார் கதை இருந்தா அதையும் கேட்டு அனுப்புங்கோ. பெரியாக்கள் சொல்லுறதில எவ்வளவு எஞ்சின் அறிவு ஒளிஞ்சிருக்கு எண்டு பாப்பம்.