வலிக்குத் துணை யார்?

தம்பி! ஆலை வாயிலிலே, தடியடிக்கு நடுவே, தோழனைத் தனியே விட்டுவிட்டு ஓடி வருவாயா? வரமாட்டாய். தோள் கொடுப்பாய். ஆனால், பத்து மாதம் சுமந்தவளைப் பிரசவ அறைக்குள் தனியே அனுப்பிவிட்டு, எதிரே தேநீர்க் கடையிலே அரசியல் பேசிக்கொண்டிருக்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

"பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்பர் பழமை விரும்பிகள். தாயைத் தெய்வம் என்பாரும் அவர்களே! அந்தத் தெய்வம் வலி தாளாமல் அலறினால், "வாயை மூடு!" என்ற அதட்டல் கிடைக்கிறது. ஏழைத் தெய்வமென்றால் அடியும் கிடைப்பதுண்டு. இத்தகைய அவமதிப்பைக் கண்டித்து 2014-இல் உலக சுகாதார நிறுவனமே அறிக்கை விட்டது. செவிலியர்மேல் மட்டும் பழி சுமத்தாதே, தம்பி. பலரை ஒருவரே பார்க்க நேரும் அவரும் நம்மைப்போல் உழைப்பாளிதான்.

பக்கத்துணை வெறும் ஆறுதல்தானே என்பாய். அல்ல, அது மருந்து! நடு அமெரிக்காவிலே குவாத்தமாலா என்றொரு நாடு. அங்கே தலைப்பிரசவத்துக்கு வந்த சிலருக்குப் பக்கத்திலே ஒரு பெண்ணை இருக்கச் செய்தனர் கிளாஸ், கென்னல் முதலான ஆராய்ச்சியாளர்கள். அவள் மருத்துவரல்ல, முன்பின் தெரிந்தவளுமல்ல. கையைப் பற்றினாள், முதுகை நீவினாள், பேசினாள். அவ்வளவே! 1980-இல் வந்த கணக்கைக் கேள்: மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை, துணையற்றவர்க்குச் சராசரி 19.3 மணி நேரம். துணை பெற்றவர்க்கு ஒன்பதுக்கும் குறைவு!

நாற்பதே பேரின் கணக்கு அது. ஆனால் 2017-இல், 26 ஆய்வுகளில் இடம்பெற்ற 15,000-க்கும் மேற்பட்ட தாய்மாரின் விவரத்தைத் தொகுத்தபோதும், துணை இருந்தால் வலிநேரம் குறைகிறது, கத்திக்கு வேலையும் குறைகிறது என்றே தெரிந்தது. அச்சம் மிகுந்தால் கருப்பையின் வேலை மந்தமாகும். அச்சத்தைப் போக்கும் கரம் வேலையை எளிதாக்கும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலே 2004-லேயே இதற்கு வழி திறந்தாயிற்று. 2016-இல் மத்திய அரசும் நெறிமுறை தந்தது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணென்றால் நல்லது. மறைவுக்கு ஏற்பாடுள்ள இடத்திலே கணவனும் நிற்கலாம். தொற்று நோய் இருக்கக்கூடாது, துவைத்த உடை வேண்டும், கடைசிவரை கூட இருக்கவேண்டும், மருத்துவர் செவிலியர் வேலையில் குறுக்கிடலாகாது. விதி இவ்வளவே!

தாயா, தமக்கையா, மாமியாரா, நீயா? யார் வேண்டுமென்று அவளைக் கேள். அவளுக்காக நீ முடிவு கட்டாதே. வலி கண்ட பிறகல்ல, ஏழாம் மாதத்திலேயே கேள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, அந்தப் பெயரைச் செவிலியரிடம் சொல்லி வை.