ஊர்பேர் தெரியாத கைத்துப்பாக்கிக்கு எந்தக் குண்டு?

ஏலத்திலோ பழம்பொருள் கடையிலோ வாங்கப்படும் பழைய ஒற்றைக்குழல் கைத்துப்பாக்கி, பெரும்பாலும் ஊர்பேர் இல்லாமல்தான் வந்து சேர்கிறது. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்கும் வகை அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய துப்பாக்கிகளைச் சுடுவது இன்றும் ஒரு பொழுதுபோக்கு. அப்படிச் சுடுபவர்களில் ஒருவர் கையில் இப்படி ஒன்று கிடைத்ததும் எழும் முதல் கேள்வி, இது என்ன ரகம் என்பது. ரகம் தெரிந்துவிட்டால் குண்டின் அளவும், அதைச் சுற்றும் துணியின் கனமும் புத்தகத்தில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது நடக்காது. ஜாதகம் முழுக்கத் தெரிந்தாலும் குழலை அளக்காமல் அதற்குக் குண்டு வாங்க முடியாது. குழலை ஒழுங்காக அளந்துவிட்டால் ஜாதகம் தெரியாமலே வாங்கலாம்.

முத்திரையிலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குழல்கள் பலவற்றின் அடிப்பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம குண்டுகளாக வார்த்தால் ஒரு குண்டு அந்தத் துளைக்குச் சரியாக இருக்குமோ, அந்த எண்ணிக்கை அது. 12 என்றால் துளை சுமார் 18.5 மி.மீ., 32 என்றால் சுமார் 13.4 மி.மீ. எண் பெரிதானால் துளை சிறிது. பார்த்ததும் இதுவே விடை என்று தோன்றும். ஆனால் இவை முழு எண்கள். 12க்கும் 13க்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வித்தியாசம். 32க்கும் 33க்கும் இடையே 0.14 மி.மீ. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே விடும் இடைவெளியே பக்கத்துக்கு 0.13 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால், முத்திரை எண்ணை நம்பி வாங்கும் குண்டு இறுகவும் செய்யலாம், ஆடவும் செய்யலாம். போதாக்குறைக்கு, குழலுக்குள் முறுக்கிச் செல்லும் வரிகள் தேய்ந்துபோனால் அவற்றைப் புதுப்பிக்க அந்தக் காலத்துக் கொல்லர்கள் துளையையே சற்று அகலமாக்கி மீண்டும் வெட்டினார்கள். துளை வளர்ந்தது, முத்திரை அப்படியே நின்றது. பெட்டியோடு வந்த குண்டு வார்க்கும் அச்சு இருக்கிறதே என்று கேட்கலாம். அது நல்ல சாட்சிதான். தனித்தனிக் குழலுக்குத் தனித்தனி அச்சு செய்து தந்த காலம் அது. ஆனால் பெட்டியும் அச்சும் துப்பாக்கியும் பிற்கால வியாபாரி ஒருவரால் ஒன்றுசேர்க்கப்பட்டவையாகவும் இருக்கலாம். பூட்டின் மேல் கிரீடமும் 'டவர்' என்ற சொல்லும் இருந்தால் லண்டன் அரசாங்கத் துப்பாக்கி என்று மகிழ்பவர்களும் உண்டு. போலிகள் மிக அதிகமாகச் சுமக்கும் முத்திரைகளில் அதுவும் ஒன்று.

அளப்பதிலும் பொறிகள் உண்டு. வெர்னியர் காலிப்பரை வாயில் நுழைத்துப் பார்ப்பது எல்லோரும் முதலில் செய்வது. வெட்டிய வரிகள் பள்ளம், அவற்றுக்கு இடைப்பட்டவை மேடு. வரிகள் ஏழு என்றால், ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே ஒரு பள்ளம் இருக்கும். அப்போது காலிப்பர் காட்டுவது மேட்டின் விட்டமும் ஆகாது, பள்ளத்தின் விட்டமும் ஆகாது. அளவு குறித்த உருளைக் கம்பிகளை ஒவ்வொன்றாக நுழைத்து, தடையின்றி உள்ளே போகும் மிகப் பெரிய கம்பியைக் கண்டுபிடிப்பதே மேட்டின் விட்டத்துக்கு நம்பகமான வழி. வாய்ப்பகுதியோ, கோல் உரசி உரசித் தேய்ந்திருக்கும். அல்லது குண்டு எளிதில் நுழைவதற்காக வேண்டுமென்றே அகட்டப்பட்டிருக்கும். இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இங்கிலாந்தில் இருவர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்ளும் போட்டிக்கான துப்பாக்கிகளுக்கு வரியில்லாத வழுவழுப்பான குழலே கண்ணியமானதென்று கருதப்பட்டது. சில கொல்லர்கள் மெல்லிய வரிகளை உள்ளே வெட்டி, வாய்க்குச் சற்று முன்பாகவே நிறுத்திவிட்டார்கள். வாயை மட்டும் பார்ப்பவருக்கு வழுக்கைக் குழல், உள்ளே வரிக்குழல். ஆகவே சில அங்குல ஆழத்திலும் அளந்தாக வேண்டும். 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் செர்ரோசேஃப் என்ற பிஸ்மத் கலப்புலோகத்தை ஊற்றி அச்சு எடுப்பது இதற்கான முறை. ஆறும்போது முதலில் சுருங்கிப் பின் விரியும் குணம் அதற்கு உண்டு. சுமார் ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் துளையின் உண்மையான அளவைக் காட்டும்.

ஒரு மயிரிழைக்கு ஏன் இவ்வளவு பாடு? இதற்கு முதலில் அறிவியல் முறையில் பதில் தேடியவர்களில் பெஞ்சமின் ராபின்ஸ் முக்கியமானவர். 1742இல் 'நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி' என்ற நூலை எழுதியவர். ஆடும் குண்டு குழலின் ஒரு பக்கச் சுவரில் உரசிக்கொண்டு வெளியேறும்போது தாறுமாறான சுழற்சி பெறுகிறது, அந்தச் சுழற்சியே காற்றில் அதன் பாதையை வளைக்கிறது என்று அவர் காட்டினார். நிரூபிக்க ஒரு குழலின் வாயை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார்; இடப்பக்கம் கிளம்பிய குண்டு, போகப் போக வலப்பக்கம் திரும்பியது. கைத்துப்பாக்கிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கைத்துப்பாக்கியை வாய் கீழாகத் தொங்கவிட்டுச் சுமப்பார்கள். தளர்வான குண்டு மருந்தைவிட்டு முன்னால் நழுவிவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விழுந்தால், வெடிக்கும் வாயுவுக்கு அந்தக் குண்டு வழிமறித்த அடைப்பாகிறது. குழல் புடைக்கலாம், பிளக்கவும் செய்யலாம்.

அப்படியானால் இறுக்கமே நல்லது என்று முடிவுகட்டத் தோன்றும். குறிபார்த்துச் சுடுபவர்களில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சுத்தியால் தட்டி நுழைக்கும் அளவுக்கு இறுக்கினால் மென்மையான ஈயம் நசுங்கும், வட்டம் கெடும். சில சுடுதல்களில் கருமருந்தின் கசடு படிந்து, முதல் குண்டு போன வழியில் ஐந்தாவது குண்டு பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்ற குண்டு என்பது மேலே சொன்ன அதே வெற்றிடம்தான். கைத்துப்பாக்கியின் சிறிய கோலால் அதை அடிவரை தள்ளுவதும் கடினம். நடுவழியைக் கணக்கு சொல்கிறது. மேட்டின் விட்டம் 12.70 மி.மீ., பள்ளத்தின் ஆழம் 0.25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12.45 மி.மீ. குண்டு போட்டால் மேட்டில் பக்கத்துக்கு 0.13, பள்ளத்தில் 0.38 மி.மீ. இடம் இருக்கும். 0.38 மி.மீ. கனமுள்ள நெருக்கமான பருத்தித் துணி பள்ளத்தை நிரப்பும். மேட்டில் மூன்றில் ஒரு பங்காக நசுங்கி இறுகும். வரியில்லாத குழலில் துணி புகுந்துகொள்ளப் பள்ளம் கிடையாது. அங்கே இதே துணி இடறும். இடைவெளியைவிடச் சற்றே கனமான மெல்லிய துணி போதும். கணக்கு தொடக்கப் புள்ளிதான். சரிசெய்யும்போது குண்டை மாற்றாமல் துணியை மாற்றிப் பார்ப்பது மலிவான வழி. சுட்ட பிறகு முன்னால் விழுந்து கிடக்கும் துணியே தீர்ப்பு சொல்லும்: நடுவில் கரிவட்டமும் ஓரத்தில் சற்றே பிசிரும் இருந்தால் சரி, பொத்தலாக எரிந்திருந்தால் வாயு கசிகிறது, வரிவரியாக அறுந்திருந்தால் பொருத்தம் மிக இறுக்கம், இல்லையேல் வரிகளின் விளிம்பு கூர்மை. செயற்கை இழைத் துணி உருகும் என்பதால் கூடாது. குண்டுக்கும் தூய ஈயமே வேண்டும். ஆண்டிமனி கலந்த பழைய கார்ச் சக்கர எடைக்கட்டிகளை உருக்கி வார்த்தால் குண்டு கடினமாகி, துணியோடு சேர்ந்து இறுகாது.

பிரிட்டிஷ் படை நூறாண்டுக்கு மேல் ஒன்றரை மி.மீ. இடைவெளியோடு சுட்டதே என்று ஒரு மறுப்பு மிஞ்சும். 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியின் துளை 19 மி.மீ., குண்டு சுமார் 17.5 மி.மீ. என்பது உண்மை. காகிதப் பொதியோடு வேகமாகக் கெட்டித்து, வரிசையாக நின்று சரமாரியாகச் சுடுவது அங்கே நோக்கம். ஒற்றை ஆளைக் குறிவைப்பது யாருடைய கவலையும் இல்லை.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று. கோலை அடிவரை விட்டு வாயருகே குறியிட்டு, அதே கோலைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். குறியளவு மருந்தறை வரை எட்டாமல் குறைந்தால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். இப்படி நிரம்பிய நிலையிலேயே கைமாறிய துப்பாக்கிகள் உண்டு. அதை எடுப்பதும், குழல் இன்னமும் வெடிப்பைத் தாங்குமா என்று பார்ப்பதும் தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞரின் வேலை. உரிமம் இல்லாத இடத்தில் அளந்து, குறித்துக்கொண்டு, பெட்டியில் வைத்துவிடுங்கள்.