வாயில்லா ஜீவனின் இறுதி நாட்கள்

நாம் வளர்க்கும் நாயும் பூனையும் நம்மிலும் குறைந்த ஆயுளை உடையவை. பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளுள் அவற்றின் வாழ்வு முடிந்துவிடுகின்றது. இதனை அறிந்தும் அந்நாளைப்பற்றிப் பேச அஞ்சுகின்றோம். நோய் முற்றிய பின்னர் செய்வதறியாது கலங்குகின்றோம். நாம் கலங்கி நிற்கும் நேரமெல்லாம் வேதனைப்படுவது அப்பிராணியே.

உயிரைப் போக்குதல் பாவமன்றோ எனப் பலர் கேட்பர். அஹிம்சையைப் போதித்த காந்தியடிகளும் இக்கேள்விக்கு விடைகூற நேர்ந்தது. 1928-ம் ஆண்டில் சபர்மதி ஆச்சிரமத்திற் கன்றொன்று ஊனமுற்றுத் தாங்கொணா வேதனையிற் கிடந்தது. அது பிழைக்க வழியில்லை என வைத்தியர் கூறினார். ஆச்சிரமத்தாருடனும் அயலவருடனும் ஆலோசித்த பின்னர், ஊசி மருந்தினால் அதன் துயரை முடிக்க அடிகள் இசைந்தார். கண்டனங்கள் பல எழுந்தன. வேறு உதவி எதுவும் செய்ய இயலாதவிடத்து, தன்னலமின்றி, அவ்வுயிரின் நோவைத் தீர்க்கவே செய்வது ஹிம்சையாகாது எனத் தம் பத்திரிகையில் அவர் விளக்கினார்.

அனைவரும் இம்முடிவையே ஏற்க வேண்டுமென்பதில்லை. இயற்கையான முடிவு வரை பேண விரும்புவோரும் உளர். அவர்களும் மிருக வைத்தியரிடம் நோவைத் தணிக்கும் மருந்து பெறுதல், மெத்தென்ற படுக்கை அமைத்தல், படுக்கைப்புண் உண்டாகாது புரட்டிவிடுதல் என்பவற்றைச் செய்தல் வேண்டும். நமக்குரிய மாத்திரைகளைக் கொடுத்தலாகாது; பரசிற்றமோல் சிறிதளவும் பூனைக்கு நஞ்சாகும்.

எவ்வழியாயினும், பிராணி நலமாயிருக்கும்போதே வீட்டார் கூடிப் பேசுதல் நன்று. எந்த வைத்தியரை அழைப்பது? எவ்வளவு செலவாகும்? எந்நிலை வரை பொறுப்பது? இறுதிக் கேள்விக்கு உதவியாக அலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்க மிருக வைத்தியர் 2004-ம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தார். நோவு, உணவு, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் மிகுதி ஆகிய ஏழிற்கும் தனித்தனியே 10 புள்ளிகள். நோவு அடங்கியிருப்பின் அதற்கு மிகுந்த புள்ளி, ஏனையவும் அவ்வாறே. மொத்தம் 35-க்கு மேற்படின் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணிப்பு. நாட்காட்டியில் நல்ல நாளையும் தீய நாளையும் குறித்து வந்தாலே உண்மை புலப்படும்.

கருணைக்கொலை என்பது பெரும்பாலும் மயக்க மருந்தை மிகுதியாக நரம்பில் ஏற்றுதலேயாகும். சில விநாடிகளில் நினைவு நீங்கும். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண்கள் மூடா, தசைகள் சிறிது துடித்தலும் உண்டு. அது வேதனையன்று. இதனை முன்னரே அறிந்தோர் அஞ்சார். உடலில் அம்மருந்து எஞ்சியிருக்குமாதலால், காகமும் நாயும் தின்னாதவாறு ஆழப் புதைத்தல் வேண்டும். குடிநீர்க் கிணற்றிற்கு அருகிற் புதைத்தல் ஆகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் இதிற் பெரிதும் கவனம் வேண்டும்.

சிறுவரிடம் “நாய் நித்திரை கொள்கின்றது” எனக் கூறாதீர்கள்; நித்திரைக்கே அவர்கள் அஞ்சக்கூடும். இறந்ததென்றே அன்புடன் கூறி, உடனிருந்து அழவிடுங்கள். நம்மை நம்பி வாழ்ந்த உயிருக்கு ஆற்றவேண்டிய இறுதிக் கடமையையும் அவர்கள் நம்மிடமே கற்றுக்கொள்கின்றனர்.