கூடு அமையும் இடமும் குஞ்சுகளின் பிழைப்பும்

பறவைகள் பற்றிய பாடத்தில் அலகின் வடிவம், காலின் அமைப்பு, கூட்டின் வகை ஆகியவற்றைக் கற்பிக்கிறோம். கூடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அதிகம் பேசுவதில்லை. கூட்டமாகக் கூடுகட்டும் நீர்ப்பறவைகளில் எத்தனை குஞ்சுகள் பறக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த இடம்தான்.

பாகூர் கொம்யூனில் உள்ள சோரியாங்குப்பம் போன்ற ஊர்களில் கொக்கு, மடையான், நத்தைகுத்தி நாரை ஆகியவற்றை மாணவர்கள் வயல்களிலேயே பார்க்கிறார்கள். இத்தகைய பறவைகள் பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிப்பதைக் காண நமக்கு அருகில் உள்ள சிறந்த இடம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல்.

மரத்தடியில் தண்ணீர்

வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. காட்டுப்பூனை, கீரி, நரி போன்றவை அவற்றை எளிதில் நெருங்க முடியாது. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் முதலைகள் உலவும் நீரின் மேலுள்ள மரங்களையே கொக்குகள் நாடுகின்றன. தவறி விழும் குஞ்சு முதலைக்கு இரையாகும் என்பது உண்மை. ஆனால் மரமேறி முட்டை தின்னும் விலங்குகளை அந்த முதலைகளே தடுத்துவிடுகின்றன.

தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதும் முக்கியம். சங்குவளை நாரை ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும். எனவே முட்டையிட்ட பின் மூன்று மாதமாவது ஏரியில் நீர் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி முன்னதாகவே வற்றினால், இரையும் குறையும், பகை விலங்குகளுக்கு வழியும் திறக்கும்.

உயரமும் ஓரமும்

ஒரே மரத்தில் பல இனங்கள் குடியிருந்தாலும் ஒவ்வொன்றும் தனக்கேற்ற உயரத்தைப் பிடிக்கிறது. பொதுவாக, பெரிய நாரைகள் உச்சியிலும், சிறிய கொக்குகளும் வக்காக்களும் அதற்குக் கீழேயும் கூடு வைக்கும். உச்சியில் சிறகு விரித்து இறங்க வசதி உண்டு. ஆனால் புயற்காற்றும் கடும் வெயிலும் முதலில் தாக்குவது அங்கேதான். வெயில் நேரத்தில் தாய் தந்தையரில் ஒன்று சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதைக் காணலாம்.

கூட்டத்தின் நடுவிலுள்ள கூடுகளுக்குச் சுற்றிலும் காவல் உண்டு. காக்கைக்கும் கழுகுக்கும் முதலில் அகப்படுபவை ஓரக் கூடுகள். தாமதமாக வரும் இணைகளுக்கும் அனுபவமற்ற இளம் இணைகளுக்கும் பெரும்பாலும் ஓரமே மிஞ்சுகிறது. ஆகவே ஓரக் கூடுகளில் இழப்பு மிகுந்தால், காரணம் இடம் மட்டுமா, பெற்றோரின் அனுபவக் குறைவுமா என்று மாணவர்களைச் சிந்திக்கச் செய்யலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

10 கூடுகளில் 30 முட்டைகள். அவற்றில் 24 பொரிந்து, 15 குஞ்சுகள் பறந்தன என்று வைத்துக்கொள்வோம். பொரிந்தவை 80 விழுக்காடு. பறந்தவை முட்டைகளில் 50 விழுக்காடு. கூட்டுக்குச் சராசரி 1.5 குஞ்சு. நடுக் கூடுகளுக்கும் ஓரக் கூடுகளுக்கும் தனித்தனி எண்கள் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், அறிவியலும் கணக்கும் ஒரே பாடவேளையில் இணையும்.

நேரில் காட்டும்போது தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும். மரத்தடிக்குச் சென்றால் பெரிய பறவைகள் எழுந்து பறந்துவிடும். அந்தச் சில நிமிடங்களே காக்கை முட்டையைத் தூக்கவும், வெறும் உடலுடன் இருக்கும் குஞ்சு வெயிலில் வாடவும் போதும்.

நம் பொறுப்பு

பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை வேடந்தாங்கல் மக்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடக்கூடாது என்று முறையிட்டு, 1798இல் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸிடம் அவர்கள் உரிமைச் சீட்டும் பெற்றனர். அதே அக்கறை நமக்கும் வேண்டும். பள்ளி வளாகத்திலோ சாலையோரத்திலோ உள்ள மரத்தில் கிளை வெட்டும் முன் அதில் கூடுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் சேதப்படுத்துவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கருதுகிறது. கூடுகள் இருந்தால் வெட்டும் வேலையைக் குஞ்சுகள் பறக்கும்வரை தள்ளிவைக்கச் சொல்லலாம். அதற்கான விண்ணப்பத்தை மாணவர்களையே எழுதச் செய்தால், அதுவும் ஒரு பாடமாகும்.